ஒரு தடவை பண்ணவன் திரும்பவும் பண்ணுவானா? ட்ரீட்மென்ட்டும் சட்டமும் எவ்வளவு தடுக்குது

கேள்வி இதுதான். பாலியல் குற்றத்துல ஜெயிலுக்குப் போனவங்களுக்கு வெளிநாட்டுல ட்ரீட்மென்ட் குடுக்கறாங்க, பேரை ரெஜிஸ்டர்ல போட்டு ஊருக்கே காட்டறாங்க, ஆசையை அடக்க ஊசி போடறாங்க, ஸ்கூல் பக்கத்துல குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் போடறாங்க, இதனால எல்லாம் திரும்பப் பண்றது உண்மையிலயே குறைஞ்சிருக்கா, இல்ல ஒரு தடவை பண்ணவன் எப்படியும் மறுபடி பண்ணத்தான் செய்வானா?

குறைஞ்சிருக்கு. ஆனா எதனால குறைஞ்சதுன்னு பார்த்தா நமக்கு திருப்தி தர்ற விஷயங்களால ரொம்ப இல்ல, பேப்பர்ல நாலு வரி கூட வராத விஷயங்களாலதான் அதிகம். இதை கொஞ்சம் நிதானமாவே சொல்லணும், ஏன்னா இதுல தப்பா புரிஞ்சுக்கிட்டா அடிபடறது குழந்தைங்கதான். நான் மனநல வேலைல இருக்கேன், வெளிநாட்டுல ஒரு ஜெயில்ல மூணு வருஷம் இந்த மாதிரி ட்ரீட்மென்ட் குரூப்ல உக்காந்திருக்கேன், எந்த ஊர் எந்த ஜெயில்னு சொல்ல விரும்பல.

முதல்ல அந்த "எப்படியும் பண்ணுவான்" விஷயத்தை எடுத்துக்கலாம். 80 சதவீதம் பேர் திரும்பப் பண்ணுவாங்கன்னு ஒரு நம்பர் ரொம்ப நாளா சுத்துது, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 2002-ல ஒரு தீர்ப்புல ட்ரீட்மென்ட் எடுக்காதவங்க விஷயத்துல 80 சதவீதம் வரைக்கும்னு எழுதிச்சு, அதுக்கப்புறம் கீழ் கோர்ட்டுங்க எல்லாம் அந்தத் தீர்ப்பையே காட்டி காட்டி எழுதினாங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய் 2015-ல எழுதினாங்க. கடைசில அது 1986-ல ஒரு வெகுஜன சைக்காலஜி பத்திரிகைல, ட்ரீட்மென்ட் நடத்தற ஒருத்தர் எந்த ஆதாரமும் குடுக்காம எழுதின ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிய வச்சு இத்தனை வருஷம் சட்டம் போட்டிருக்காங்க, நினைச்சாலே வயித்தெரிச்சலா இருக்கு.

உண்மையான கணக்கு எவ்வளவுன்னா, கனடாவுல கார்ல் ஹான்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், இந்தத் துறைல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், அவர் 1998-லயும் 2005-லயும் பல நாட்டு ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தார், ஒவ்வொண்ணுலயும் கிட்டத்தட்ட 29,000 பேர். வெளிய வந்து நாலஞ்சு வருஷத்துல மறுபடி பாலியல் குற்றத்துல மாட்டினவங்க 13-14 சதவீதம். இன்னும் நீளமா பின்தொடர்ந்தா ஏறுது, 15 வருஷத்துல சுமார் 24 சதவீதம். ஆளைப் பொறுத்தும் மாறுது, சொந்த வீட்டுக்குள்ள பண்ணவங்க 15 வருஷத்துல 13 சதவீதம், வெளி ஆம்பளைப் பசங்களைத் தொட்டவங்க 35 சதவீதம். அமெரிக்காவுல 2005-ல 30 மாநில ஜெயில்ல இருந்து வெளிய வந்த பாலியல் குற்றவாளிகளை 9 வருஷம் பார்த்ததுல, மறுபடி பாலியல் வன்முறை கேஸ்ல அரெஸ்ட் ஆனவங்க 7.7 சதவீதம், திருட்டு, போதை, அடிதடின்னு ஏதோ ஒரு கேஸ்ல அரெஸ்ட் ஆனவங்க 67 சதவீதம்.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லியாகணும், இதெல்லாம் மாட்டினவங்க கணக்கு மட்டும்தான். பாலியல் குற்றத்துல பாதிக்கு மேல போலீஸ் வரைக்கும் வர்றதே இல்ல, குழந்தை விஷயத்துல கேக்கவே வேண்டாம், அதனால உண்மைல நடக்கறது இதை விட கண்டிப்பா அதிகம். ஆனா ட்ரீட்மென்ட் எடுத்தவங்க, எடுக்காதவங்கன்னு ரெண்டு கூட்டத்தை வச்சு ஒப்பிடும்போது, மறைஞ்சிருக்கற பங்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால எது வேலை செய்யுது எது செய்யலன்னு சொல்ல இந்தக் கணக்கு போதும்.

இப்ப ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு சொல்றேன், இல்லன்னா நம்பர் மேல நம்பரா போயிடும். அமெரிக்காவுல மின்னசோட்டான்னு ஒரு மாநிலம். நீங்க கேட்டதுல முக்கால்வாசியை அவங்க செஞ்சு பார்த்தாங்க, செஞ்சதை அவங்க ஜெயில் துறையே உக்காந்து அளந்தும் பார்த்துச்சு, அந்த மாதிரி அளந்து பார்த்த அரசாங்கம் ரொம்ப கம்மி.

1989 அக்டோபர் 22 ராத்திரி, அங்க செயின்ட் ஜோசப்னு ஒரு சின்ன ஊர்ல, ஜேக்கப் வெட்டர்லிங்னு 11 வயசுப் பையன், தம்பியோடவும் ஒரு நண்பனோடவும் கடைக்குப் போய் வீடியோ கேசட் எடுத்துட்டு சைக்கிள்ல திரும்பி வந்துட்டு இருந்தான். முகமூடி போட்ட ஒருத்தன் துப்பாக்கியோட வழிமறிச்சு, மத்த ரெண்டு பேரையும் திரும்பிப் பார்க்காம ஓடச் சொல்லிட்டு இவனைத் தூக்கிட்டுப் போனான். அவங்க அம்மா பேட்டி வெட்டர்லிங் அதுக்கப்புறம் சும்மா இருக்கல, போராடி 1991-ல மின்னசோட்டாவுல ரெஜிஸ்டர் சட்டம் வந்துச்சு, 1994-ல நாடு முழுக்க எல்லா மாநிலமும் ரெஜிஸ்டர் வச்சிருக்கணும்னு பையன் பேர்லயே மத்திய சட்டம் வந்துச்சு. 1996-ல மேகன் சட்டம்னு வந்து, போலீஸ்கிட்ட மட்டும் இருந்த அந்த லிஸ்ட்டை ஜனங்களுக்கும் காட்டணும்னு ஆச்சு. பையன் கிடைக்கவே இல்ல. 27 வருஷம் கழிச்சு 2016 செப்டம்பர்லதான் ஒருத்தன் கோர்ட்ல ஒத்துக்கிட்டான், எலும்பு புதைச்ச இடத்தைக் காட்டினான். அவன் மேல அதுக்கு முன்னாடி பாலியல் குற்றத்துல தண்டனையே கிடையாது. அந்தச் சட்டம் 1989-லயே இருந்திருந்தாலும் அவன் பேரு லிஸ்ட்ல இருந்திருக்காது.

இது ஏதோ ஒரு கேஸ்ல நடந்த விபரீதம்னு நினைக்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்துல 21 வருஷ அரெஸ்ட் கணக்கைப் பார்த்தாங்க, பாலியல் குற்றத்துக்கு அரெஸ்ட் ஆனவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு முன்னாடி பாலியல் குற்றத் தண்டனை இல்ல. ரெஜிஸ்டரை எவ்வளவு கச்சிதமா நடத்தினாலும் மிச்சம் அஞ்சு சதவீதத்தைத்தான் அது தொட முடியும்.

அதுக்காக ரெஜிஸ்டர் சுத்த வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், இங்கதான் நிறைய பேர் ரெண்டு விஷயத்தைப் போட்டு குழப்பிக்கறாங்க. ஆள் எங்க இருக்கான்னு போலீஸ் தெரிஞ்சு வச்சுக்கறது ஒண்ணு, ஊருக்கே அறிவிக்கறது இன்னொண்ணு. பிரெஸ்காட், ராக்காஃப்னு ரெண்டு பேர் 2011-ல 15 மாநிலத்தைப் பார்த்து எழுதினதுல, போலீஸ்கிட்ட பதிவு பண்றதால குற்றம் குறைஞ்ச மாதிரி தெரியுது, குறிப்பா அக்கம்பக்கம், தெரிஞ்சவங்க மேல நடக்கற குற்றம். ஊருக்கே அறிவிக்கறது வெளில இருக்கற புது ஆளுங்களைக் கொஞ்சம் பயமுறுத்தலாம், ஆனா ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கறவங்க திரும்பப் பண்றதை அது கூட்டற மாதிரி தெரியுதுன்னாங்க. வேலை இல்ல, வீடு இல்ல, யாரும் பேச மாட்டாங்கன்னா அவனுக்கு இழக்க என்ன இருக்கு. நியூஜெர்சில மேகன் சட்டத்தை அளந்தப்ப வித்தியாசமே தெரியல. ஆனா மின்னசோட்டாவுல ஒரு நல்ல ரிசல்ட்டும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும், அங்க எல்லாரையும் ஒரே லிஸ்ட்ல போடாம 1, 2, 3னு ரிஸ்க் பார்த்து பிரிச்சு, லெவல் 3 ஆளுங்களுக்கு மட்டும்தான் ஊர்க் கூட்டம் போட்டு அறிவிப்பாங்க, அந்த லெவல் 3 ஆளுங்க திரும்பப் பண்றது அப்படி அறிவிச்சதுக்கு அப்புறம் குறைஞ்சிருந்துச்சு. கொஞ்சம் பேரை மட்டும் வச்சு, ரிஸ்க் அதிகமானவங்களை மட்டும் நல்லா கவனிச்சா பலன் இருக்கு, பதினஞ்சு வயசுல ஏதோ பண்ண பையன்ல இருந்து எல்லாரையும் ஆயுசுக்கும் ஒரே வெப்சைட்ல போட்டா அந்த ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவுல உண்மையிலயே ஆபத்தானவன் மறைஞ்சு போறான்.

ஸ்கூல், பார்க் பக்கத்துல குடியிருக்கக் கூடாதுங்கற சட்டத்தைப் பத்தி கேட்டீங்கன்னா, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, பிரயோஜனம் இல்ல. மின்னசோட்டா ஜெயில் துறை 1990-ல இருந்து 2002 வரைக்கும் வெளிய விட்ட 3,166 பேரை எடுத்துக்கிட்டு, அதுல மறுபடி பாலியல் குற்றம் பண்ணி உள்ள வந்த 224 பேரோட கேஸ் ஃபைலையும் ஒண்ணொண்ணா பிரிச்சுப் படிச்சாங்க. எங்க நடந்துச்சு, அந்தக் குழந்தையை எப்படித் தெரியும், வீட்டுக்கும் சம்பவ இடத்துக்கும் எத்தனை தூரம், எல்லாம். இந்த தூரச் சட்டம் இருந்திருந்தா தடுத்திருக்கக்கூடிய கேஸ் எத்தனைன்னு தேடினா 224-ல ஒண்ணு கூட இல்ல. பாதி பேர் இன்னொரு பெரியவங்க மூலமாதான் அந்தக் குழந்தைகிட்ட போயிருக்கான், பழகற பொம்பளையோட பிள்ளை, நண்பன் வீட்டுக் குழந்தை, சித்தி வீட்டுப் பையன் இப்படி. ஸ்கூல் கேட்டுக்கு வெளிய சாக்லேட்டோட நிக்கற ஆளைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம், ஆனா அவன் நம்ம வீட்டு சோஃபாவுல உக்காந்து காபி குடிச்சுட்டு இருக்கான்.

ஆனா அந்தச் சட்டத்தால நடந்தது என்ன தெரியுமா, மயாமியில 2,500 அடி தூரம்னு 2005-ல விதி போட்டாங்க, மேப்ல வட்டம் வட்டமா போட்டுப் பார்த்தா ஊருக்குள்ள குடியிருக்க இடமே இல்லாம போச்சு, கடைசில ஜூலியா டட்டில்னு ஒரு பெரிய பாலத்துக்கு அடியில டென்ட் போட்டு டஜன் கணக்குல ஆளுங்க வருஷக்கணக்குல இருந்தாங்க. கால்ல கட்டியிருக்கற ஜிபிஎஸ் பட்டைக்கு சார்ஜ் போட பாலத்தடியில ஜெனரேட்டர் வச்சிருந்தாங்க, சிலருக்கு டிரைவிங் லைசன்ஸ்ல அட்ரஸ்ஸே அந்தப் பாலம்தான். 2010-ல காலி பண்ணினாங்க. இதைச் சொன்னா "அவனுங்களுக்கு இது வேணும்"னு நிறைய பேர் சொல்வாங்க, அந்தக் கோவம் எனக்கும் புரியுது, ஆனா வீடு இல்லாம, வேலை இல்லாம, பார்க்கற ஆள் இல்லாம இருக்கறது திரும்பப் பண்ற வாய்ப்பைக் கூட்டுற விஷயம், அது கூடுனா அடுத்து பாதிக்கப்படப் போறது வேற ஒரு குழந்தை. பேட்டி வெட்டர்லிங்கே பின்னாடி இந்த மாதிரி சட்டங்களை வெளிப்படையா எதிர்த்துப் பேசினாங்க, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அவங்க.

சரி, ட்ரீட்மென்ட்டுக்கு வர்றேன், என் வேலை இதுதான்ங்கறதால கொஞ்சம் நீளமா போகும்.

இங்கிலாந்துல 1990-கள் தொடக்கத்துல இருந்து ஜெயில்ல ஒரு ப்ரோக்ராம் நடத்தினாங்க, உலகத்துலயே பெருசுன்னு பேரு, பல நாடுங்க அதைப் பார்த்துதான் ஆரம்பிச்சாங்க. ஆயிரக்கணக்கான பேர் அதை முடிச்சு சர்டிபிகேட்டோட வெளிய போனாங்க. 2017-ல அரசாங்கமே ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டுச்சு, அந்த ப்ரோக்ராம் முடிச்ச 2,562 பேர், முடிக்காத 13,219 பேர், சராசரியா 8 வருஷம் பின்தொடர்ந்தாங்க. முடிச்சவங்கள்ல 10 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம், முடிக்காதவங்கள்ல 8 சதவீதம். அதாவது ட்ரீட்மென்ட் எடுத்தவங்கதான் அதிகமா பண்ணியிருக்காங்க. அந்த வருஷமே ப்ரோக்ராமை நிறுத்திட்டு வேற ரெண்டு ப்ரோக்ராம் கொண்டு வந்தாங்க. இவ்வளவு பெருசா அளந்து பார்க்க 25 வருஷம் ஆச்சுங்கறது எனக்கு இன்னைக்கும் ஜீரணிக்க முடியல, ஆனா அளந்ததை மறைக்காம வெளியிட்டாங்களே, அதுக்கு மரியாதை குடுக்கணும்.

ஏன் அப்படி ஆச்சுன்னு என்னோட அனுபவத்துல இருந்து சொல்றேன். நான் இருந்த இடத்துலயும் கிட்டத்தட்ட அதே பாணி குரூப்தான். பத்து நாற்காலி வட்டமா, சுவத்துல சார்ட் பேப்பர், ரெண்டு பேர் நடத்துவாங்க, அதுல பாதி நாள் சைக்காலஜிஸ்டே இருக்க மாட்டாங்க, ரெண்டு வாரம் ட்ரெயினிங் எடுத்த ஆளுங்கதான். ஒவ்வொருத்தனும் தான் பண்ணதை எல்லார் முன்னாடியும் ஆதியோடந்தமா சொல்லணும், ஒத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு எழுதணும், அதுக்கு மார்க். அம்பது வயசு தாண்டின ஒருத்தர் இருந்தார், அவர் சொல்றதைக் கேட்டா பாடப் புத்தகம் படிக்கற மாதிரி இருக்கும், "நான் அந்தக் குழந்தையோட நம்பிக்கையைத் தவறா பயன்படுத்தினேன்"னு குரல் கூட நடுங்காம சொல்வார், எல்லா ஷீட்லயும் டிக். கடைசி வாரத்துக்கு முன்ன வாரம், டீ டம்ளரைக் கழுவிட்டு இருக்கும்போது சும்மா பேச்சுக்கு, வெளிய போனா எங்க தங்கப் போறீங்கன்னு கேட்டேன். "அக்கா பொண்ணு வீட்லதான், பாவம் அவ, புருஷன் ராத்திரி டூட்டி, ரெண்டு சின்னப் பசங்களை வச்சுட்டு தனியா கஷ்டப்படறா, நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்"னார். அவர் பண்ண குற்றமும் அப்படி ஒரு வீட்டுல, பார்த்துக்கறேன்னு சொல்லி நுழைஞ்சு பண்ணதுதான். எங்க கைல இருந்த நாப்பது பக்க ஃபார்ம்ல அந்தக் கேள்வி இல்லவே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே, வெளிய வந்ததும் அவரை மேற்பார்வை பண்ணப் போற ப்ரொபேஷன் ஆஃபீசருக்கு எழுதினோம், தங்கற ஏற்பாட்டை மாத்தினாங்க. அந்த டீ டம்ளர் கழுவின நேரம் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் கை நடுங்குது.

ஹான்சனோட ஆய்வுங்கள்ல என்ன வந்துச்சுன்னா, குற்றத்தை ஒத்துக்கறானா மறுக்கறானாங்கறதுக்கும், பாதிக்கப்பட்டவங்க மேல இரக்கம் காட்டறானாங்கறதுக்கும், அவன் திரும்பப் பண்றதுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல. கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், நமக்கு அவன் அழணும், மன்னிப்பு கேக்கணும், அது நியாயமான ஆசை. ஆனா எதுக்கு சம்பந்தம் இருக்குன்னா, குழந்தைங்க மேலயோ வன்முறை மேலயோ போற பாலியல் நாட்டம், எந்நேரமும் அதே நினைப்பா இருக்கறது, கோவத்தையும் ஆசையையும் அடக்கத் தெரியாதது, வயசுக்கு வந்தவங்களோட ஒரு நெருக்கமான உறவை வச்சுக்கத் தெரியாதது, விதியை மதிக்காம மேற்பார்வைக்கு டிமிக்கி குடுக்கறது, இந்த மாதிரி விஷயங்க. நல்ல ப்ரோக்ராம் இதுலதான் நேரத்தைச் செலவழிக்கும். இன்னொரு விஷயம், ரிஸ்க் அதிகமா இருக்கறவனுக்கு அதிகமா குடுக்கணும், ரிஸ்க் கம்மியா இருக்கறவனை இழுத்து வந்து பெரிய குரூப்ல உக்கார வச்சா பலன் இல்ல, சில நேரம் கெட்டுப் போறான்.

அப்படி செஞ்ச இடத்துல கணக்கு வேற மாதிரி வருது. மின்னசோட்டா ஜெயில்ல ட்ரீட்மென்ட் எடுத்த 1,020 பேரையும், ரிஸ்க்ல அவங்களுக்கு ஜோடியா பொருந்தற, எடுக்காத 1,020 பேரையும் சராசரி 9 வருஷம் பார்த்தாங்க, பாலியல் குற்றத்துல மறுபடி அரெஸ்ட் ஆனது எடுத்தவங்க 13.4 சதவீதம், எடுக்காதவங்க 19.5. 2019-ல தெரேசா கானன்ங்கறவங்க குழுவா பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல எடுத்தவங்க 9.5, எடுக்காதவங்க 14.1. அதுலயும் முக்கியமான விஷயம், முறையா படிச்ச சைக்காலஜிஸ்ட் குரூப்ல கூடவே உக்காந்த இடத்துலதான் பலன் அதிகம். மூணுல ஒரு பங்கு குறையுதுன்னா பெரிய விஷயம்தான், ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாடியும் ஒரு குழந்தையோ ஒரு பொண்ணோ இருக்கு. ஆனா அதுக்கு மேல நான் கூட்டிச் சொல்ல மாட்டேன், ஏன்னா இந்த ஆய்வுங்கள்ல பெரும்பாலானது ட்ரீட்மென்ட்டுக்கு தானா ஒத்துக்கிட்டவங்களை வச்சு பண்ணது, குலுக்கல் போட்டு ரெண்டா பிரிச்சு பண்ண ஆய்வு கம்மி. கலிஃபோர்னியாவுல 1985-ல ஆரம்பிச்சு அப்படி ஒழுங்கா குலுக்கல் போட்டு ஒண்ணு பண்ணாங்க, 2005-ல முடிவு வந்தப்ப ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல.

ஊசி விஷயம். ஆம்பளை ஹார்மோனைக் குறைக்கற மருந்துதான் அது, அமெரிக்காவுல கலிஃபோர்னியா 1996-ல முதல்ல சட்டமா கொண்டு வந்துச்சு, அப்புறம் போலந்து, தென்கொரியா, இந்தோனேஷியா எல்லாம். எந்நேரமும் அதே நினைப்பு, என்னாலயே அடக்க முடியல, ஏதாவது பண்ணுங்கன்னு தானே வந்து கேக்கறவனுக்கு, டாக்டர் மேற்பார்வைல, கூடவே பேச்சு ட்ரீட்மென்ட்டும் இருந்தா உதவும், நான் பார்த்திருக்கேன். ஆனா நிறைய பேர் இந்தக் குற்றத்தை ஆசையால மட்டும் பண்றதில்ல, அதிகாரம் காட்டறதுக்கு, கோவத்துல, போதைல பண்றவனுக்கு ஹார்மோன் குறைஞ்சா என்ன ஆகப் போகுது, கையும் வாயும் அப்படியேதான் இருக்கு. மருந்தை நிறுத்தினா ஹார்மோன் திரும்ப ஏறிடும்.

வெளியவே விடாம வச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. மின்னசோட்டா அதையும் பண்ணுது, தண்டனை முடிஞ்ச அப்புறமும் ஆபத்தானவங்கன்னு கோர்ட் சொன்னா மூஸ் லேக், செயின்ட் பீட்டர்ங்கற ரெண்டு ஊர்ல காலவரையில்லாம அடைச்சு வைக்கறாங்க, எழுநூறு பேருக்கு மேல. பேரு ட்ரீட்மென்ட் சென்டர்தான், ஆனா ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆகியும் முழுசா குணமாகி வெளிய போனவங்க ஒருத்தர் கூட இல்லன்னு 2015-ல ஒரு மத்திய கோர்ட் நீதிபதி கண்டிச்சு எழுதினார், அப்பீல்ல அந்தத் தீர்ப்பு நிக்கலங்கறது வேற விஷயம். உள்ள இருக்கறவன் வெளிய இருக்கற குழந்தையைத் தொட முடியாது, அது உண்மை. ஆனா ஒருத்தருக்கு வருஷம் ஒரு லட்சம் டாலருக்கு மேல செலவு, அந்தப் பணம் வெளிய விடற ஆயிரக்கணக்கான பேரைக் கண்காணிக்கற வேலைல இருந்துதான் போகுது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். 1994-ல கனடாவுல ஹாமில்டன்ங்கற ஊருக்கு ஒருத்தன் ரிலீஸ் ஆகி வந்தான், குழந்தைங்க மேல திரும்பத் திரும்பப் பண்ணவன், மனவளர்ச்சி கொஞ்சம் கம்மி, வாழ்க்கைல பெரும்பகுதி ஏதாவது ஒரு நிறுவனத்துலயோ ஜெயில்லயோதான். கண்டிப்பா மறுபடி பண்ணுவான்னு எல்லாரும் சொன்னாங்க, தெருவுல ஜனங்க போராட்டம், போலீஸ் 24 மணி நேரமும் பின்னாடி. ஹாரி நைங்கற ஒரு பாதிரியார், மென்னோனைட்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அவரோட சின்ன சர்ச் ஆளுங்க சில பேரைச் சேர்த்துக்கிட்டு, நாங்க பார்த்துக்கறோம்னு முன்வந்தார். தினமும் ஒருத்தர் ஃபோன் பண்ணுவாங்க இல்ல நேர்ல போவாங்க, வாரம் ஒரு நாள் எல்லாரும் உக்காருவாங்க. அவன் என்ன பண்ணான், எப்படிப் பண்ணான்னு அந்த ஆளுங்க எல்லாருக்கும் முழுசா தெரியும், எதையும் மறைச்சுப் பேச முடியாது, இந்த வாரம் எங்க போன, எதுக்கு அந்த பஸ்ல ஏறின, அந்தக் குழந்தையைப் பார்த்தப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு நேருக்கு நேரா கேப்பாங்க, கேட்டுட்டு அவனுக்கு பர்த்டே கேக்கும் வெட்டுவாங்க. அவன் சாகற வரைக்கும் மறுபடி பண்ணல.

அது பரவி, நாலுல இருந்து ஆறு தன்னார்வலர் சேர்ந்து ஒரு ஆளைச் சுத்தி நிக்கற வட்டம்னு பல நாட்டுல வந்துச்சு. மின்னசோட்டா 2008-ல ஆரம்பிச்சு, குலுக்கல் போட்டு நூறு பேரைப் பாதியா பிரிச்சுச்சு, பாதிப் பேருக்கு வட்டம், பாதிப் பேருக்கு வழக்கமான மேற்பார்வை மட்டும். 2018-ல வந்த முடிவு, வட்டத்துல இருந்தவங்க பாலியல் குற்றத்துல மறுபடி அரெஸ்ட் ஆகற வாய்ப்பு 88 சதவீதம் குறைவு. நூறு பேர்தான், சின்ன ஆய்வுதான், ஆனா குலுக்கல் போட்டு பண்ணதுங்கறதால நான் இதை ரொம்ப மதிக்கறேன்.

மொத்தமா அந்த மாநிலத்துல மூணு வருஷத்துக்குள்ள பாலியல் குற்றத்துல திரும்பத் தண்டனை வாங்கினவங்க 1990-ல ரிலீஸ் ஆனவங்கள்ல 17 சதவீதம், 2002-ல ரிலீஸ் ஆனவங்கள்ல 3 சதவீதம். இந்த வட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு குறைஞ்சிருச்சு, அதுக்குப் பெரிய காரணம் வெளிய வந்த அப்புறம் நீண்ட நாள் நெருக்கமா மேற்பார்வை பண்ணதுதான்னு அவங்க சொல்றாங்க, விதியை மீறினா சின்ன விஷயத்துக்கே திரும்ப உள்ள போட்டுடுவாங்க.

ரெண்டு விஷயம் சொல்லாம விட்டா சரியா இருக்காது. ஒண்ணு, காலம். வெளிய வந்து குற்றமே இல்லாம பத்து வருஷம் ஓட்டிட்டா, ரிஸ்க் அதிகம்னு முத்திரை குத்தினவனே சாதாரண நிலைக்குக் கிட்ட வந்துடறான், ஹான்சன் 2014-ல எழுதினதுல ரிலீஸ் ஆகும்போது திரும்பப் பண்ற வாய்ப்பு 22 சதவீதம்னு இருந்த கூட்டம், பத்து வருஷம் தாண்டினதும் 4.2. அதனால முதல் சில வருஷம்தான் காசும் ஆளும் போட வேண்டிய நேரம். இன்னொண்ணு, சின்னப் பசங்க. 18 வயசுக்கு முன்னாடி பண்ணவங்க திரும்பப் பண்றது 2000-க்கு அப்புறம் வந்த ஆய்வுங்கள்ல 3 சதவீதம் கூட இல்ல. அவங்களுக்கு வீட்டோட, ஸ்கூலோட சேர்த்து குடுக்கற குடும்ப ட்ரீட்மென்ட் நல்லா வேலை செய்யுது, அவங்களைப் பெரியவங்களோட லிஸ்ட்ல போடறது எனக்குப் பெரிய பாவமா தெரியுது.

நம்ம நாட்டைப் பத்தியும் சிலர் கேப்பீங்க. இந்தியாவுல 2018 செப்டம்பர்ல பாலியல் குற்றவாளிகளுக்கு தேசிய டேட்டாபேஸ் ஆரம்பிச்சாங்க, ஆரம்பிக்கும்போதே 4 லட்சத்துக்கு மேல பேரு, போலீஸ் மாதிரி விசாரணை அமைப்புங்க மட்டும்தான் பார்க்க முடியும், அந்த மட்டும் நல்ல முடிவுன்னு நினைக்கறேன். டெல்லி நிர்பயா கேஸுக்கு அப்புறம் அரசாங்கம் போட்ட வர்மா கமிட்டி 2013-ல தூக்கும் வேண்டாம், ஆண்மை நீக்க ஊசியும் வேண்டாம்னு எழுதினாங்க, அப்புறம் வந்த சட்டங்கள்ல தூக்கு வந்துச்சு, 2019-ல குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டத்துலயும் வந்துச்சு. ஆனா பாலியல் வன்கொடுமை கேஸ்ல தண்டனை கிடைக்கறது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, பண்ணவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பொண்ணுக்குத் தெரிஞ்சவங்கதான், இது அரசாங்கக் கணக்கு. தெரிஞ்சவன்னா மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், ட்யூஷன் வாத்தியார். புகார் குடுத்தா மாமாவைத் தூக்குல போடுவாங்கன்னு சொன்னா எந்தப் பாட்டி அந்தக் குழந்தையைப் பேச விடுவா?

தண்டனையை முழுசா முடிச்சுட்டு வெளிய வர்றவனை அதுக்கப்புறம் பின்தொடர நம்மகிட்ட பெருசா ஏற்பாடு இல்ல. அவன் பேரு டெல்லில ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும். அவன் பையைத் தூக்கிட்டு யார் வீட்டுக்குப் போறான், அந்த வீட்டுல எத்தனை வயசுல பிள்ளைங்க இருக்குன்னு அவன்கிட்ட கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், அடுத்த வாரமும் அதுக்கடுத்த வாரமும் போய் கேக்கணும்.